புசல்லாவைச் சிவப்புக் கார்

கண்டியிலிருந்து பேராதனை, கெலிஓயா, கம்பளை என்னும் ஊர்களைக் கடந்து நுவரெலியாவுக்கு ஏறும் பெருந்தெருவிலே, மலைகளின் மெய்யான ஆட்சி தொடங்குமிடம் புசல்லாவை எனலாம். கம்பளை வரையிலும் சமதரையை விட்டு விலக மனமில்லாதது போல் வந்த தெரு, அதன்பின் பாம்பென நெளிந்து நெளிந்து ஏறுகிறது. ஏறத்தாழ 3000 அடி உயரத்தை எட்டியதும் காற்றின் குணமே மாறிவிடுகிறது. காலையிலே பனி மூட்டம். நண்பகலிலே சுள்ளென்று உறைக்கும் வெயில். பிற்பகலிலே சொல்லாமல் வந்து இறங்கும் மழை. ஒரே நாளில் மூன்று பருவங்களையும் காட்டும் ஊர் இது. மனிதர் உடலுக்கு இது சுகமானதே. ஆனால், மரத்துக்கும் இரும்புக்கும் வர்ணப் பூச்சுக்கும் இத்தகைய சுவாத்தியம் பெருஞ் சோதனையாகும்.

இவ்வூருக்கு நெடிய வரலாறு உண்டு. 1841 ஆம் ஆண்டளவிலே வேர்ம்ஸ் என்னுங் குடும்பப் பெயர் கொண்ட சகோதரர் இருவர் இங்கே கோப்பித் தோட்டம் அமைத்தனர். ஐரோப்பாவிற் புகழ் பெற்ற ரொத்சைல்ட் குடும்பத்தாருக்கு அவர்கள் உறவினர். ஆகவே தம் தோட்டத்துக்கும் அப்பெயரையே சூட்டினர். சீனத் தேயிலைக் கன்றுகளையும் நட்டுப் பார்த்தனர். ஜேம்ஸ் டெயிலர் லூல்கந்துரையிலே 1867 இல் தேயிலைப் பயிர்ச்செய்கையைத் தொடங்குவதற்குப் பல்லாண்டுகள் முந்திய செய்தி இது. தோட்டத்தின் பெயர் ரொத்சைல்டுடையதாயினும், அக்காட்டை வெட்டித் திருத்திய கைகள் தென்னிந்தியாவிலிருந்து வந்த தமிழ்த் தொழிலாளருடையவை. பெயர்ப்பலகையிலே ஒருவர் பெயரும், நிலத்திலே வேறொருவர் உழைப்பும் நின்று நிலைப்பது மலைநாட்டிற்குப் புதிதன்று. நாம் சொல்ல வந்த காரின் கதையிலும் அந்நிலைமையே காணப்படுகிறது.

தோட்டங்கள் தோறும் துரைமார் இருந்த காலத்திலே மோட்டார் வண்டி அவர்களுக்கு வாகனமாக மட்டுமன்றி விளையாட்டாகவும் விளங்கிற்று. நுவரெலியாவை அடுத்த மகாகஸ்தோட்டைத் தேயிலைத் தோட்டத்தின் செங்குத்தான பாதையிலே மலையேற்றக் கார்ப்பந்தயம் 1934 இல் ஆரம்பமாயிற்று. சித்திரை மாதத்து வசந்தகால விழாக்களிலே அதுவும் ஒன்றாகிப் புகழ் பெற்றது. கண்டிப் பக்கத்திலிருந்து அதற்குச் செல்லும் வண்டிகள் புசல்லாவைக் கடைத்தெருவைத் தாண்டி, கொத்மலைப் பள்ளத்தாக்கைக் கீழே பார்த்தபடி, இறம்பொடை வளைவுகளில் ஏறியாக வேண்டும்.

சென்ற பங்குனி மாதத்திலே, இவ்வூர்க் கடைத்தெருவில் பரம்பரையாக வணிகம் செய்து வரும் நண்பர் ஒருவரின் அழைப்பை ஏற்று நாம் அங்கே சென்றிருந்தோம். அவர் வீட்டின் பின்புறத்துக் கொட்டகையிலே சிவப்பு நிறமான விளையாட்டுக் கார் ஒன்று நின்றது. எம்.ஜி. டி.டி. என்னும் வகையைச் சேர்ந்தது. 1952 இலே இங்கிலாந்தின் அபிங்டன் நகரத் தொழிற்சாலையில் உருவானது. இருவர் மட்டுமே அமரக்கூடியது, கூரை துணியாலானது. வெளியே தகடாகத் தோன்றினும் உள்ளே உடற்கூட்டைத் தாங்கி நிற்பது மரச்சட்டமே. இவ்வகையில் ஏறத்தாழ 30,000 வண்டிகள் செய்யப்பட்டு, பெரும்பாலானவை அமெரிக்காவுக்குப் போயின. அவற்றுள் தப்பிய ஒன்று இந்த மலையடிவாரத்திலே எழுபது ஆண்டுகளுக்கு மேலாக மழை கண்டு நிற்கிறது. தோட்டங்கள் அரசுடைமையான 1975 ஆம் ஆண்டிலே, ஊரை விட்டுப் புறப்பட்ட ஒரு துரையிடமிருந்து நண்பரின் தந்தையார் அதனை வாங்கினாராம்.

அன்று அந்தக் கொட்டகையிலே ஒரு வழக்கு நடந்துகொண்டிருந்தது. கொழும்பிலே பொறியியலாளராகப் பணி புரியும் நண்பரின் மகன், வண்டியின் பழைய வர்ணம் முழுவதையும் சுரண்டி எடுத்துவிட்டுக் கண்ணாடி போல மின்னும் புதுப்பூச்சு அடிக்க வேண்டுமென்றான். சித்திரையில் நுவரெலியாவுக்குக் கொண்டுபோனால் பார்ப்போர் வியக்க வேண்டும் என்பது அவன் ஆசை. எழுபதைத் தாண்டிய பெரியவர் ஒருவர் அதற்கு இணங்கவில்லை. அவர் வண்டிக்கு உரிமையுடையவர் அல்லர். பன்னிரண்டு வயதிலே துரையின் பங்களாவிற் கார் கழுவும் பையனாகச் சேர்ந்தவர். வண்டி கைமாறிய பின்பும் ஆண்டுதோறும் வந்து அதனைத் துடைத்து மெழுகிவிட்டுப் போகிறவர்.

"பளபளப்பு வேணும்னா ஒரு மணித்தியாலத்துல கொண்டாந்திடலாம் தம்பி. போன பெயின்டைத் திருப்பிக் கொண்டார ஏலாது," என்றார் அவர்.

இவ்விருவரின் வாதத்தையும் விளங்கிக்கொள்ள வேண்டுமாயின், வர்ணத்தின் இயல்பைச் சிறிது அறிதல் வேண்டும்.

வர்ணம் என்னும் தோல்

மோட்டார் வண்டி தோன்றிய தொடக்க காலத்திலே அதற்கு வர்ணம் பூசியவர்கள் குதிரை வண்டிக்குப் பூசிய கைவினைஞர்களே. எண்ணெய் கலந்த பூச்சைப் படை படையாகத் தூரிகையால் தீட்டி, ஒவ்வொன்றும் உலரும்வரை காத்திருந்தனர். ஒரு வண்டி முடிய வாரக்கணக்காகும். அந்நிலையை மாற்றியது செலுலோஸ் வர்ணம். பஞ்சை அமிலங்களிற் பதப்படுத்தி, அதனைக் கரைப்பானிற் கரைத்து, நிறப்பொடி சேர்த்துப் பீச்சியடிக்கும் இப்பூச்சை அமெரிக்காவின் டூபொன்ட் நிறுவனம் 1923 அளவிலே 'டூகோ' என்னும் பெயருடன் கார்களுக்கு அறிமுகஞ் செய்தது. கரைப்பான் ஆவியாகிப் போனதும் பூச்சு இறுகிவிடும். வாரங்கள் மணித்தியாலங்களாகச் சுருங்கின.

புசல்லாவைச் சிவப்பு வண்டிக்கு அடித்திருப்பதும் இந்தச் செலுலோஸ் வர்ணமே. இதற்கு ஒரு குணம் உண்டு. மேற்படையிலேயே நிறம் இருக்கிறது; அதற்கு மேல் காப்பாக வேறொரு படை இல்லை. வெயில் பட்டுப் பட்டு மேற்பரப்பிலுள்ள பிணைப்புப் பொருள் சிதைய, நிறப்பொடி மட்டும் சுண்ணம் போல வெளியே நிற்கும். வண்டி மங்கித் தோன்றும். சிவப்பு நிறம் இவ்வாறு வெளிறுவதற்குப் பேர்போனது. வெள்ளைத் துணியால் அழுந்தத் துடைத்தால் துணி செம்மையாகும். அச்செம்மை அழுக்கன்று, வண்டியின் வர்ணமே.

ஏறத்தாழ 1980 களிலிருந்து பரவிய புதுமுறையிலே நிறப்படையின் மேல் நிறமற்ற தெளிந்த படையொன்று பூசுகின்றனர். ஆகவே இக்காலத்துக் கார்களைத் தேய்க்கும்போது துணியில் நிறம் ஏறுவதில்லை. தேய்வு கண்ணுக்குத் தெரியாமல் நடக்கிறது, அவ்வளவே வேறுபாடு. இன்றைய கார்களின் வர்ணப் படைகள் அனைத்தையும் கூட்டினாலும் ஒரு மில்லிமீற்றரின் பத்தில் ஒரு பங்கை ஒட்டியே நிற்கும். அதிலே தெளிந்த மேற்படையின் பங்கு பாதிக்கும் குறைவு. நம் தலைமயிர் ஒன்றின் தடிப்புக்கூட இராது. இவ்வளவு மெல்லிய தோலின் மேல்தான் நாம் துணியையும் தூளையும் இயந்திரத்தையும் ஓட்டுகிறோம்.

தேய்ப்பு வேறு, பூச்சு வேறு

பொலிஷ் பண்ணுதல் என்னும் ஒரே சொல்லால் நாம் வழங்குவன உண்மையிலே நேர்மாறான இரு தொழில்கள். ஒன்று தேய்ப்பு, மற்றது பூச்சு. முன்னது கழித்தல், பின்னது கூட்டல்.

பளபளப்பு என்பது யாது? சமமான பரப்பிலே விழும் ஒளி ஒழுங்காகத் திரும்புகிறது. அதனால் முகம் தெரிகிறது. கீறல் நிறைந்த பரப்பிலே விழும் ஒளி நாற்புறமும் சிதறுகிறது; அதனால் மங்கல் தோன்றுகிறது. கீறலைப் போக்க விரும்புவோர் மிக நுண்ணிய அராவு தூள் கலந்த கட்டிங் பொலிஷைக் கொண்டு தேய்க்கின்றனர். ஆயினும் கீறல் நிரம்புவதில்லை. கீறலின் அடிமட்டம் வரையில் சுற்றியுள்ள வர்ணமே தாழ்த்தப்படுகிறது. பள்ளத்தை மறைக்க மேட்டை வெட்டும் வேலை இது. மெழுகோ எதையும் எடுப்பதில்லை. மென்படையாகப் பரந்து நுண்ணிய கீறல்களை நிரப்பி, நீரும் புழுதியும் வர்ணத்தைத் தொடாமல் தடுத்து நிற்கிறது.

நம் இல்லங்களிலே இதற்கு நல்ல உவமை உண்டு. நூறாண்டு பழமையான குத்துவிளக்கின் உச்சியிலிருக்கும் அன்னத்தைக் கூர்ந்து பாருங்கள். அலகு மழுங்கி, கண் மறைந்து, இறகின் கோடுகள் அழிந்திருக்கும். புளியும் சாம்பலுமிட்டு நாலு தலைமுறைப் பெண்கள் பக்தியோடு துலக்கியதன் விளைவு அது. பித்தளை தடித்த உலோகம். ஆதலால் நாலு தலைமுறை தாங்கிற்று. மயிரிழை அளவான வர்ணம் எத்தனை முறை தாங்கும்?

பெரியவர் தம் இளமைக் காலத்தைப் பற்றிச் சொன்னதும் இதனையே உறுதிப்படுத்திற்று. துரை சனிக்கிழமை தோறும் வண்டியைக் கட்டிங் பொலிஷ் போட்டுத் தேய்க்கச் சொல்வாராம். வலப்புறம் இவர் பங்கு. இடப்புறம் இவருடைய தமையனார் பங்கு. "தொரைக்கு அவர் மொகம் தெரியணும். தெரியிற வரைக்கும் விடமாட்டாரு," என்றார். இடப்புறத்து முன்சக்கர மூடியின் மேல் ஓர் உள்ளங்கை அளவில் சிவப்பு முற்றிலும் தேய்ந்து, அடியிலிருந்த சாம்பல் நிறப் பூச்சு வெளியே தெரிகிறது. "அண்ணனுக்குக் கைவலு கூட," என்று மாத்திரம் சொல்லி நிறுத்தினார்.

அத்தமையனார் 1964 ஆம் ஆண்டின் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி இந்தியாவுக்கு அனுப்பப்பட்டவர்களுள் ஒருவர். அவ்வொப்பந்தம் 5,25,000 பேரை இந்தியா ஏற்பதென முடிவு செய்தது. தலைமன்னாரிற் கப்பலேறியவர் நீலகிரியின் கூடலூர்ப் பக்கத்திலே குடியேறி, அங்கேயே காலமாகிவிட்டார். அவர் விட்டுச் சென்ற பொருளென்று இவ்வூரில் வேறெதுவும் இல்லை.

பனைமரம் தந்த மெழுகு

கார் மெழுகுகளிற் சிறந்ததாகப் போற்றப்படுவது கார்னோபா. பிறேசில் நாட்டின் வடகிழக்குப் பகுதியிலே வளரும் ஒருவகைப் பனையின் ஓலையிலிருந்து அது கிடைக்கிறது. வறண்ட அந்நிலத்திலே ஓலையின் ஈரம் காற்றோடு போய்விடாதபடி அம்மரம் தானே சுரந்து பூசிக்கொள்ளும் காப்பு அது. ஓலையை வெட்டி உலர்த்தி அடித்தால் பொடியாக உதிரும். அதனை உருக்கிக் கட்டியாக்குவர். தேன்மெழுகு ஏறத்தாழ 63 பாகை செல்சியசிலே உருகிவிடும். கார்னோபா உருகுவதற்கு 80 பாகைக்கு மேற்பட்ட வெப்பம் வேண்டும். உச்சி வெயிலிலே காரின் முன்மூடி கைவைக்க முடியாதபடி கொதிப்பதை நாம் அறிவோம். அங்கே தேன்மெழுகு மாத்திரம் பூசினால் இளகிப் புழுதியைப் பிடித்துக்கொள்ளும். கார்னோபா இறுகி நிற்கும். ஆனால் அது தனியே மிகக் கடினமானது. ஆதலால் மென்மையான மெழுகுகளும் கரைப்பானும் சேர்த்துக் குழைத்தே விற்கின்றனர்.

நம் மொழியிலே மெழுகு என்பது பெயருமாகும், வினையுமாகும். தேனடையிற் கிடைப்பதும் மெழுகு. சாணம் கரைத்துத் தரையைப் பூசுவதும் மெழுகுதலே. ஒன்றின் மேல் மென்மையாகப் படர்ந்து அதனைக் காப்பது என்னுங் கருத்து இரண்டிற்கும் பொது. மூர்த்திகளுக்கு எண்ணெய்க்காப்புச் சாத்தும் நம் மரபிலும் அக்கருத்தே உறைகிறது. காப்பு என்பது தேய்ப்பன்று.

பெரியவரின் கைமுறை

பெரியவர் வேலை செய்த விதத்தை நாம் அருகிலிருந்து பார்த்தோம். வண்டி நிழலில் நிற்க வேண்டும். தகடு குளிர்ந்திருக்க வேண்டும். உலர்ந்த துணியாற் புழுதியைத் துடைக்க அவர் விடமாட்டார். தெருப் புழுதியிலே கண்ணுக்குத் தெரியாத மணற் பருக்கைகள் உண்டு; உலர்ந்த துணியோடு அவை சேர்ந்தால் அரத்தாள் ஆகிவிடும். ஆகவே முதலில் தாராளமாகத் தண்ணீர் ஊற்றிப் புழுதியை மிதக்க வைத்து இறக்கினார். இரண்டு வாளிகள் வைத்திருந்தார்: ஒன்றிலே சவர்க்கார நீர், மற்றதிலே துணியை அலசும் நீர். மேலிருந்து கீழாகக் கழுவினார். சேறு மிகுந்த அடிப்பாகத்திற்கு வேறு துணி.

நன்றாக ஈரம் ஒற்றிய பின் மெழுகை எடுத்தார். விரல் நுனியளவு மெழுகு. துணியிலே தடவி, ஒரு சாண் ஒரு சாணாக, வண்டியின் நீளத்துக்கு நேர்கோடாகப் பரப்பினார். வட்டம் வட்டமாகத் தேய்த்தால் வெயிலிலே சிலந்தி வலை போன்ற கோடுகள் தெரியுமாம். மெழுகு மங்கிப் புகைபடிந்தது போலானதும், மென்மையான வேறொரு துணியாற் பாரமின்றித் துடைத்தார். "அப்பி வைக்கிறதுல ஒண்ணுமில்லீங்க. மிச்சமெல்லாம் துணியிலதான் வந்திடும்," என்றார். மெய்தான். மெழுகு கனமாகப் படிவதாற் பயனில்லை. மெல்லிய இரண்டு பூச்சு, தடித்த ஒரு பூச்சைவிட மேலானது.

முன்மூடியின் நடுவரம்பிலே அவர் கை மெதுவாயிற்று. இரண்டாண்டுகளுக்கு முன் நகரத்துக் கராஜ் ஒன்றிலே வண்டியை விட்டபோது, மின்சார இயந்திரத்தால் தேய்த்தவர்கள் அங்கே தகடு தெரியும்வரை வர்ணத்தை எடுத்துவிட்டனர். விளிம்புகளிலும் வரம்புகளிலும் பூச்சு இயல்பாகவே மெல்லியதாய் நிற்கும். சுழலும் இயந்திரத்தின் அழுத்தமும் சூடும் அங்கேதான் குவியும். நாற்பதாண்டுத் தேய்வை நாற்பது விநாடியிற் செய்துவிடலாம்.

எது பேணத்தக்கது?

நண்பரின் மகனுடைய வாதத்தைத் தள்ளிவிடலாகாது. தகடு வெளிப்பட்ட இடத்தில் இந்த மலைநாட்டு ஈரம் துருவை விளைவிக்கும். துரு உள்ளே பரவினால் மரச்சட்டத்தின் ஆணிகளும் தப்பா. மெழுகு துருவுக்கு மருந்தன்று. வர்ணத்துக்குத்தான் அது காவல். இந்நாட்டிலே பழைய வண்டிகள் பிழைத்ததே இடைவிடாப் பழுதுபார்ப்பினாலன்றோ? 1960 களின் தொடக்கத்திலே அந்நியச் செலாவணி நெருக்கடியால் கார் இறக்குமதி கட்டுப்படுத்தப்பட்டது. 1977 இன் திறந்த பொருளாதாரம் வரை இருந்த வண்டிகளையே ஓட்ட நேர்ந்தது. 2020 இலே மீண்டும் இறக்குமதி நிறுத்தப்பட்டு, 2025 இலேதான் கார்களுக்கு வழி திறந்தது. ஆகவே ஒட்டுப்போட்டுக் காப்பாற்றுதல் நம்மவர்க்குக் கைவந்த கலை. பழுதுபார்த்தல் குற்றமன்று.

ஆனால் பழுதுபார்த்தலுக்கும் பழமையை அழித்தலுக்கும் இடையிலே ஒரு கோடு உண்டு. அமெரிக்காவின் பெபிள் பீச் போன்ற பெயர் பெற்ற பழங்கார்க் கண்காட்சிகளிலே, புதுப்பிக்காமற் பேணிய வண்டிகளுக்கெனத் தனிப்பிரிவே வைத்திருக்கின்றனர். புதுப்பூச்சு எத்தனை தடவையும் அடிக்கலாம். தொழிற்சாலையில் அடித்த முதற்பூச்சு ஒருமுறைக்குரியது. புசல்லாவை வண்டியிலே அதற்கு மேலும் ஒன்று இருக்கிறது. தோட்டத்துச் சம்பளப் புத்தகத்திலே கார் கழுவிய பையன்களின் பெயர் எழுதப்பட்டிருந்ததோ இல்லையோ, அந்தச் சாம்பல் திட்டிலே ஒருவருடைய கை எழுதப்பட்டிருக்கிறது. அதனைச் சுரண்டி எடுத்தால், வண்டி புதிதாகும்; கதை வெறுமையாகும்.

இவ்வாறு நாம் சொன்னதற்கு நண்பர் ஒன்றும் விடை கூறவில்லை. மகனைத்தான் பார்த்தார். அவன் நெடுநேரம் அந்தத் திட்டின் மேல் விரலை வைத்தபடி நின்றான். பின்பு, தகடு தெரிந்த முன்மூடி வரம்புக்கு மட்டும் அதே செலுலோஸ் வர்ணத்தைச் சிறு தூரிகையால் வைத்து அடைப்பதென்றும், ஏனைய பகுதிகளுக்கு அராவு தூள் எதுவும் காட்டாமல் மெழுகு மட்டும் இடுவதென்றும் முடிவாயிற்று. அன்று பிற்பகல் வழக்கம்போல் மழை இறங்கிற்று. கொட்டகையின் வாயிலுக்குத் தள்ளி நிறுத்தியிருந்த வண்டியின் மேல் விழுந்த துளிகள், ஓடையோரத்துச் சேம்பிலையிலே உருள்வது போல முத்து முத்தாய்த் திரண்டு ஓடின. சிவப்பின் மேலும் சரி, சாம்பல் திட்டின் மேலும் சரி, ஒரே விதமாகவே ஓடின.

வீட்டிலே பழம்பொருள் வைத்திருப்போர் அனைவருக்கும் இதில் ஒரு பாடம் உண்டு. விளக்காயினும், மரப்பெட்டியாயினும், காராயினும், கையிலே துணியை எடுக்குமுன் ஒரு கேள்வி கேட்டுக்கொள்ளுதல் நலம்: நாம் இப்போது சேர்க்கப் போகிறோமா, எடுக்கப் போகிறோமா? எடுப்பதாயின் இன்னும் எவ்வளவு மிஞ்சியிருக்கிறது?

சித்திரையிலே வண்டி இறம்பொடை வளைவுகளை ஏறி நுவரெலியாவை அடைந்ததாக நண்பர் கடிதம் எழுதியிருந்தார். கண்ணாடி போல மின்னிய வண்டிகள் அங்கே பல நின்றனவாம். ஆயினும் சனங்கள் சிவப்பு வண்டியின் அருகே நின்று, இடப்புறத்துச் சாம்பல் திட்டைக் காட்டி, இது என்னவென்று கேட்டனராம். கேட்டவர்களுக்கெல்லாம் நின்று விடை சொன்னவன், அதனைச் சுரண்டிவிட வேண்டுமென்று வாதாடிய அவர் மகனேயாம்.